பழைய படகுக்குப் புது வங்கு: எந்த மரம் தாங்கும், எந்த மரம் ஏமாற்றும்

வங்கை, அதாவது படகின் விலா எலும்புபோல் வளைந்து நிற்கும் சட்டத்தை, மாற்ற வேண்டும் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது "என்ன மரம் போடலாம்?" என்றுதான். பழைய வங்கு ஏன் போனது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். அது தெரியாமல் விலை உயர்ந்த தேக்கை வாங்கி வைத்தாலும், பழசு போன இடத்திலேயே புதுசும் போகும்.

மரம் மக்குவதற்குப் பூஞ்சை காரணம். பூஞ்சை வளர மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்ட வேண்டும்; 28, 30 சதவீதத்துக்கு மேல் போனால் வேகம் பிடிக்கும். பழைய படகுகளில் வங்கைத் தின்பது பெரும்பாலும் கடல்நீர் அல்ல, மழைநீர். உப்பு ஊறிய மரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. மேல்தட்டு மூட்டு வழியாகச் சொட்டும் மழைநீர், வங்கின் தலைப்பகுதியில் தேங்கிக் காற்றும் படாமல் கிடக்கும்போதுதான் மரம் பஞ்சாகிறது. ஆகவே வங்கின் தலை மக்கியிருந்தால் மேல்தட்டை முதலில் சரிசெய்யுங்கள். கால்பகுதி, அதாவது ஏராவை (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புச் சட்டத்தை) ஒட்டிய பகுதி மக்கியிருந்தால், தண்ணீர் ஓடும் துளைகள் குப்பையால் அடைத்திருக்கும். நடுவில், வளைவு அதிகமான இடத்தில் குறுக்காக ஒடிந்திருந்தால் அது மக்கல் அல்ல. வளைக்கும்போதே வெளிநார் அறுந்திருக்கிறது, அல்லது வங்கு அளவு போதவில்லை.

ஆணியைச் சுற்றி மட்டும் மரம் கறுத்து, உளி வைத்தால் துகளாக உதிர்ந்தால் அது வேறு நோய். இரும்பு துருப்பிடித்து மரத்தை அரிப்பது ஒன்று. வெண்கல ஆணிகளைச் சுற்றி மரம் வெளுத்து, நார் நாராக மென்மையாகியிருந்தால், உலோகத்தை அரிப்பிலிருந்து காக்க மாட்டும் துத்தநாகக் கட்டைகள் தேவைக்கு மேல் மாட்டப்பட்டு, அந்த மின்வேதி ஓட்டத்தில் உருவான காரம் மரத்தைத் தின்றிருக்கலாம். இந்த இரண்டுக்கும் மரத்தை மாற்றினால் மட்டும் போதாது; உலோகத்தையும் மாற்ற வேண்டும்.

பெயரைவிடப் பலகை முக்கியம்

மர மதிப்பீடு என்றாலே பெயர்ப் பட்டியல் போட்டு நட்சத்திரம் கொடுப்பது வழக்கம். வங்கு விஷயத்தில் அது பாதி உண்மைதான். நல்ல பெயருள்ள மோசமான பலகையைவிட, நடுத்தரப் பெயருள்ள நல்ல பலகை பல மடங்கு மேல். கடையில் மரத்தின் முன் நின்று பார்க்க வேண்டியவை இவை.

முதலில் வைரம், அதாவது மரத்தின் கெட்டியான உள்பகுதி. எந்த மரமானாலும் அதன் வெளிப்பகுதியான வெள்ளைக்குப் பூஞ்சையை எதிர்க்கும் சக்தி கிடையாது. மரங்களின் தாங்குதிறனை 1 முதல் 5 வரை வகைப்படுத்தும் ஈஎன் 350 என்ற ஐரோப்பியத் தரநிலையில் 1 என்பது மிக உறுதி, 5 என்பது தாங்காதது. அந்தக் கணக்கில் தேக்கின் வைரம் 1-ஐ ஒட்டி நிற்கும். அதே தேக்கின் வெள்ளை 5. இளந்தேக்கில் வெள்ளை அகலமாக இருக்கும் என்பதால், தேக்கு என்ற பெயரை மட்டும் நம்பி வாங்குபவர் பாதிப் பணத்தை வெள்ளைக்குக் கொடுக்கிறார். பலகையின் ஓரத்தில் விரல் அகல வெள்ளைக் கோடு இருந்தாலும் வங்குக்கு அதை வெட்டி எறிந்துவிட்டுத்தான் அளவு எடுக்க வேண்டும்.

அடுத்தது மரத்தின் மையம். அடிமரத்தின் நடுக்குருத்து உள்ளே அடங்கிய கட்டை, காயக் காய அந்த மையத்திலிருந்து வெளியே வெடிக்கும். எத்தனை பூச்சு அடித்தாலும் நிற்காது. முனையைப் பாருங்கள். வளையங்கள் முழு வட்டமாகத் தெரிந்தால் அந்தக் கட்டை வேண்டாம்.

மூன்றாவது நார் ஓட்டம். வங்கின் உயிரே இதுதான். நார் வங்கின் நீளத்துக்கு இணையாக ஓடினால் மரம் முழு வலுவைத் தரும். 10 அங்குல நீளத்துக்கு 1 அங்குலம் என்ற அளவில் சாய்ந்தால் வளைவு வலு சுமார் 81 சதவீதமாகக் குறையும். 5-க்கு 1 என்று சாய்ந்தால் 55 சதவீதம்தான் மிஞ்சும். 15-க்கு 1 என்றால் 89. வங்குக்கு 12-க்கு 1 என்பதைவிட மோசமான சாய்வை ஏற்காதீர்கள்.

இங்கே கண்ணை ஏமாற்றும் ஒன்று உண்டு. பலகையின் முகத்தில் தெரியும் ரேகை, வளையங்கள் வெட்டுப்பட்ட தடம் மட்டுமே. நார் அதே திசையில் ஓட வேண்டும் என்று கட்டாயமில்லை. ரேகை நேராக இருக்கும் பலகையில் நார் சுழன்று ஓடலாம். அதைப் பார்க்க, இழைத்த முகத்தில் ஊற்றுப் பேனாவின் மையை ஒரு சொட்டு விடுங்கள். மை வட்டமாகப் பரவாது. நார் வழியே மெல்லிய முடிபோல நீளும். அந்த முடியின் திசைதான் உண்மையான நார். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், ஒரு துண்டை வெட்டி முனையில் கத்தியை வைத்துச் சுத்தியலால் தட்டிப் பிளந்து பாருங்கள். பிளவு சொல்வதை ரேகை மறுக்க முடியாது.

நான்காவது கணு. வங்கின் நடு அகலத்தில் சுண்டுவிரல் நுனி அளவுள்ள, இறுகிய கணு ஒன்று இருந்தால் பெரிய பாதகமில்லை. ஓரத்தில், அதுவும் இழுபடும் பக்க ஓரத்தில் இருந்தால் அதே கணு வங்கை ஒடிக்கும். கணுவைச் சுற்றி நார் வளைந்து போவதுதான் ஆபத்து, கணு மட்டுமல்ல.

வளைய நெருக்கம் பற்றிப் பரவலாக ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. "மெதுவாக வளர்ந்த மரம்தான் வலு" என்பது ஊசியிலை மரங்களுக்கு உண்மை. டக்ளஸ் ஃபிரில் 25 மில்லிமீட்டருக்கு 8 வளையமாவது இருப்பதைத் தேடுங்கள். ஓக், ஆஷ் போல வசந்தகால வளர்ச்சியில் உருவாகும் துளைகள் வரிசையாக நிற்கும் மரங்களில் நேர்மாறு. வேகமாக வளர்ந்து வளையம் அகலமானால் அடர்ந்த மரம் அதிகமாகிறது. வளையம் நெருங்க நெருங்கத் துளைகளே மிஞ்சி மரம் லேசாகி ஒடியும். ஓக் வாங்கும்போது நெருக்கமான வளையத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது பிழை.

கையில் எடுத்துப் பார்த்தே சந்தேகம் தீர ஒரு வழி: 100க்கு 100க்கு 50 மில்லிமீட்டர் துண்டு ஒன்றை வெட்டி நிறுத்துப் பாருங்கள். நன்கு காய்ந்த தேக்கு சுமார் 325 கிராம் இருக்க வேண்டும் (கன மீட்டருக்கு 650 கிலோ என்ற கணக்கு). வெள்ளை ஓக் 375 அளவில், டக்ளஸ் ஃபிர் 260 அளவில் வரும். இந்த எண்களுக்கு மிகக் குறைவாக வந்தால், பெயர் எதுவானாலும் அந்தக் கட்டையில் வலு இல்லை. அதிகமாக வந்தால் முதலில் ஈரத்தைச் சந்தேகியுங்கள்.

ஈரம்

அளவுகருவி மேற்பரப்பை மட்டும் சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் துல்லியமாக அறிய அடுப்பே போதும். பலகையின் முனையிலிருந்து அரை மீட்டராவது உள்ளே தள்ளி ஒரு சில்லு வெட்டி உடனே நிறுங்கள். 103 டிகிரி செல்சியஸில், எடை குறைவது நிற்கும்வரை காய வையுங்கள். 132 கிராம் 112 ஆகக் குறைந்தால், 20-ஐ 112-ஆல் வகுக்க, ஈரம் கிட்டத்தட்ட 18 சதவீதம்.

எவ்வளவு வேண்டும் என்பது வேலையைப் பொறுத்தது. எபாக்ஸிப் பிசின் ஒட்டுக்கு 8 முதல் 12 வரை. பலகைப் படகில் வெட்டிச் செதுக்கி வைக்கும் வங்குக்கு 15 அளவு நல்லது. எலும்புபோல் காய்ந்த மரத்தை வைத்தால் தண்ணீரில் ஊறி வீங்கி ஆணிகளைத் தள்ளும். ஆவியில் வளைக்கும் வங்குக்கு 20 முதல் 25 இருக்க வேண்டும். சூளையில் காய்ந்த மரம் ஆவிக்கு ஆகவே ஆகாது. உலர்த்தும்போது நாரைப் பிணைக்கும் பொருள் இறுகிவிடுவதால், எவ்வளவு நேரம் ஆவியில் வைத்தாலும் வளைவில் முறியும். "பச்சையாக இருக்கிறது, தள்ளுபடி" என்று ஒதுக்கும் கட்டைதான் ஆவி வங்குக்குச் சரியான கட்டை.

மரம் மரமாக

வெள்ளை ஓக்: வளைக்கும் வங்குக்கு முதலிடம். வலு, நெகிழ்வு, தாங்குதிறன் மூன்றும் சேர்ந்து ஒரே மரத்தில் கிடைப்பது அரிது. இதன் துளைகளுக்குள் நுண்ணிய தடுப்புச் சவ்வுகள் வளர்ந்து அடைத்திருக்கும். தண்ணீர் நார் வழியே ஏறாது. சிவப்பு ஓக் அப்படியல்ல. இரண்டும் காய்ந்து இழைத்த பிறகு பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், பலர் ஏமாறுவது இங்கேதான். சோதனை எளிது. முனையிலிருந்து கையளவு நீளமான ஒரு குச்சியைச் சீவி, ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் வாயால் ஊதுங்கள். குமிழி வந்தால் சிவப்பு ஓக்; அது வங்கில் திரிபோல் தண்ணீரை உறிஞ்சும். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் வெள்ளை ஓக்கின் துளைகளுக்குள் பளபளக்கும் சவ்வு தெரியும்.

குறைகளும் உண்டு. ஓக்கில் டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் அமிலமும் அதிகம். இரும்பு ஆணி பட்ட இடம் கருநீலமாகும், ஆணியும் கரையும். சுருக்கமும் அதிகம்: பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை வளையத்தின் போக்கில் 10 சதவீதத்துக்கு மேல் சுருங்கும், தேக்கு அதில் பாதிதான். அந்த அசைவே எபாக்ஸி ஒட்டைக் காலப்போக்கில் பிரிக்கும். ஓக்கைப் பட்டை பட்டையாக ஒட்ட வேண்டியிருந்தால் ரிசார்சினால் பசை நம்பகமானது. அதற்கு மூட்டு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும், இறுக்கமான அழுத்தமும் வேண்டும்.

தேக்கு: பலர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் பதில். எங்கள் கணிப்பில் வங்குக்குத் தேக்கு தேவையில்லை. அதன் உண்மையான சிறப்பு சுருங்காமை, எண்ணெய்த்தன்மை, வெயிலில் நிற்கும் திறன். மேல்தட்டுக்கு அது அற்புதமான மரம். வங்குக்குத் தேவைப்படும் வளைவு குணம் இதில் குறைவு. ஆவியில் வளைத்தால் திடீரென்று ஒடியும். அதன் விறைப்பு வெள்ளை ஓக்கைவிட அதிகமும் இல்லை, இரண்டும் ஏறக்குறைய 12 கிகாபாஸ்கல். அதிலுள்ள சிலிக்கா உளியின் கூரைத் தின்னும். எண்ணெயால் பசை பிடிக்காது. ஒட்டும் முகத்தை அசிட்டோனில் துடைத்து, அது ஆவியானதும் நேரம் கடத்தாமல் பசை போட வேண்டும். வளைக்காமல் வெட்டிச் செதுக்கும் வங்குக்கும், தண்ணீர் எப்போதும் தேங்கும் அடிச்சட்டத்துக்கும் தேக்கின் வைரம் கிடைத்தால் தாராளமாகப் போடலாம்.

ஐரோகோ: தேக்கைக் கேட்டால் கடைக்காரர் கையில் எடுத்துக் கொடுப்பது. தாங்குதிறன் 1-க்கும் 2-க்கும் இடையில், எடை தேக்கின் எடையே. செதுக்கிய வங்குக்கும் எஞ்சின் கட்டைக்கும் நல்ல மரம். நார் எதிரெதிராகப் பின்னி ஓடுவதால் இழைக்கும்போது பிய்யும், வளைக்கச் சரிவராது. உள்ளே சில நேரம் கல்போன்ற சுண்ணாம்புக் கட்டி இருக்கும், ரம்பத்தின் பல் போய்விடும். தூசு மூக்கையும் தோலையும் கடுமையாக எரிக்கும், முகமூடி கட்டாயம்.

கருவேலம்: கனமான, கெட்டியான மரம், கன மீட்டருக்கு 800 கிலோ அளவில் இருக்கும். இதன் பெரிய வரம் இயற்கையாகவே கோணிய கிளைகள். வங்கின் வளைவு எப்படியோ அதே வளைவில் வளர்ந்த கிளையைத் தேர்ந்து அறுத்தால், நார் வளைவோடு சேர்ந்து ஓடும். நேர்ப்பலகையில் வளைவை வெட்டும்போது அறுபடும் குறுநார் இங்கே இல்லவே இல்லை. பக்கவாட்டையும் தட்டையும் பிணைக்கும் கோணக் கட்டைக்கு இதைவிட நல்லதைச் சொல்வது கடினம். ஆனால் வெள்ளையில் வண்டு சீக்கிரம் விழும். அறுத்தவுடன் வெள்ளையைச் செதுக்கிவிடுங்கள், முனைகளுக்கு மெழுகோ பழைய பெயின்டோ பூசி நிழலில் காய விடுங்கள். அவசரப்பட்டால் முனையிலிருந்து ஒரு முழம் வெடித்து வீணாகும்.

சால்: வலு, தாங்குதிறன் இரண்டிலும் குறையில்லை, எடை கன மீட்டருக்கு 850 கிலோவை ஒட்டி. ஏராவின் மேல் வரும் அடிச்சட்டத்துக்கும் எஞ்சின் கட்டைக்கும் நல்லது. காயும்போது முறுக்கிக்கொள்ளும், மேலே சின்னச் சின்னதாக வெடிக்கும். நன்கு பழுத்த சட்டத்தைத்தான் வாங்க வேண்டும். துளை போடாமல் ஆணி அடிக்கவே முடியாது.

ஆயினி (அஞ்சிலி): லேசானது, வேலைக்கு இணக்கமானது, தண்ணீரில் நெடுநாள் தாங்கும். பலகைக்குச் சிறந்த மரம். சிறு படகின் வங்குக்கும் போதும். பெரிய படகில் வங்கின் அளவைச் சற்றே கூட்ட வேண்டும்.

ஆஷ்: வெண்ணெய்போல் வளையும், விலாவாக வளைத்துக் காட்டும்போது யாரும் மயங்குவார்கள். தாங்குதிறனில் 5, அதாவது மிகக் கடைசி. உள்ளே எப்போதும் உலர்ந்து நிற்கும் சிறிய துடுப்புப் படகு தவிர வேறெங்கும் வைக்க வேண்டாம்.

டக்ளஸ் ஃபிர்: இதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படகின் நீளவாக்கில் ஓடும் நெடுக்குச் சட்டத்துக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். விறைப்பு வெள்ளை ஓக்குக்குச் சமம், எடையோ மூன்றில் இரண்டு பங்கு. கணுவில்லாத நீளமான சட்டமாகக் கிடைக்கும். எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும். குறை கடினத்தன்மையில்: வெள்ளை ஓக்கின் பாதிதான். அதனால் திருகாணியும் போல்ட்டும் இறுகும் இடத்தில் நசுங்கும். எஞ்சின் உட்காரும் பகுதியில் மட்டும் சட்டத்தின் மேல் ஓக் அல்லது ஐரோகோத் துண்டை ஒட்டிப் பொருத்தினால் அந்தக் குறை தீர்ந்தது. தாங்குதிறன் நடுத்தரம், ஈரம் தேங்கும் இடத்தில் பூச்சின்றி விட்டால் மக்கும்.

லார்ச்சும் கிட்டத்தட்ட அதே வரிசை. கணு அதிகம், முறுக்கும் அதிகம். சப்பேலி அழகானது, ஒட்டுவேலைக்கு இணங்கும், தாங்குதிறன் 3. பட்டை ஒட்டிய வங்குக்குப் பயன்படுத்தலாம், ஆனால் பின்னிய நார் உள்ள பலகையைத் தவிர்க்க வேண்டும். இப்பேயும் அதுபோன்ற இரும்பு மரங்களும் வேறு கதை. கன மீட்டருக்கு ஆயிரம் கிலோவைத் தாண்டும் கட்டையை ஒரே ஒரு வங்காக வைத்தால் அது சுற்றியுள்ள வங்குகளைவிட மிக விறைப்பாக நிற்கும். படகு அலையில் நெளியும்போது சுமை அங்கே குவிந்து, பக்கத்து வங்கு ஒடியும், அல்லது பலகை அந்த விளிம்பில் வெடிக்கும். பழைய மரத்துக்கு நெருங்கிய விறைப்புள்ள மரத்தையே தேடுங்கள்.

மரைன் ப்ளைவுட்

ட்ரான்ஸம் எனப்படும் பின்பலகைக்கும் குறுக்குத் தடுப்புக்கும் ப்ளைவுட்டே சரி. பிஎஸ் 1088 (பிரிட்டிஷ் தரநிலை) அல்லது ஐஎஸ் 710 (இந்தியத் தரநிலை) முத்திரையைப் பாருங்கள். ஐஎஸ் 710 பலகையின் பசை 72 மணி நேரக் கொதிநீரைத் தாங்க வேண்டும். அதை வீட்டிலேயே குறுகிய அளவில் செய்து பார்க்கலாம்: கைப்பிடி அளவு துண்டை 4, 5 மணி நேரம் கொதிக்க வைத்துக் காயவிட்டு, அடுக்குகளுக்கு இடையில் கத்தி நுழைகிறதா என்று பாருங்கள். வெட்டிய ஓரம் முழுவதும் கண்ணோட்டிப் பாருங்கள். உள் அடுக்கில் இடைவெளியோ ஒன்றன்மேல் ஒன்று ஏறிய மடிப்போ இருந்தால் அதை வைக்காதீர்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மரைன் என்ற சொல் பசையைப் பற்றியது. மரம் மக்காது என்று பொருளில்லை. லேசான ஒகூமே மர அடுக்குகளில் செய்த நல்ல ப்ளைவுட்டும் தாங்குதிறனில் 4-தான். ஓரத்தை மூன்று முறை எபாக்ஸியில் ஊறவைக்காத ப்ளைவுட் அந்த ஓரத்தில் ஆரம்பித்து மக்கிக்கொண்டே வரும். ப்ளைவுட்டைக் கீறி நெடுக்குச் சட்டம் செய்யும்போது அதன் பாதி அடுக்குகளில் நார் குறுக்காக ஓடும் என்பதையும் மறக்கக் கூடாது. நெடுக்குவாட்டில் விறைப்பு அதற்கேற்பக் குறையும். அதை ஆழத்தைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும்.

வாங்கக் கூடாதது

மருந்து அழுத்தி ஏற்றிய கட்டுமான மரம். "மக்காது" என்ற ஒற்றைச் சொல்லுக்காக இதை வாங்குகிறார்கள். அது விற்கப்படும்போதே ஈரம், படகுக்குள் காயக் காய முறுக்கும். எபாக்ஸியோ பாலியெஸ்டரோ ஈர மரத்தில் ஒட்டாது. மருந்திலுள்ள தாமிரம் அலுமினியப் படகின் உடலை நேரடியாக அரிக்கும். அலுமினியப் படகின் பின்பலகைக்கு இதைப் போட்டுச் சில ஆண்டுகளில் உலோகத்தில் ஓட்டை விழுவது தெரிந்த விஷயம்.

ஃபைபர் படகில்

இங்கே சட்டம் பெரும்பாலும் கண்ணாடியிழையால் மூடப்பட்டிருக்கும். வேலை செய்வது மரமும் உறையும் சேர்ந்தே. பழைய சட்டத்தின் மேலுறையை வெட்டித் திறக்கும்போது இரு பக்கமும் 40, 50 மில்லிமீட்டர் உறையை விட்டு வையுங்கள், அதுவே புதுச் சட்டத்தின் இருப்பிடத்தைக் காட்டும். மரத்தைப் படகின் உடலோடு நேரடியாக முட்டவிட வேண்டாம். 5, 6 மில்லிமீட்டர் இடைவெளியில் கெட்டியான எபாக்ஸிப் பசையின் மேல் அமர வையுங்கள், இல்லையென்றால் அந்தக் கோட்டில் உடல் விரியும். மூலையைப் பசையால் உருட்டி, அதன் மேல் கண்ணாடியிழையைப் படிப்படியாக 50, 75, 100 மில்லிமீட்டர் என்று அகலம் கூட்டி ஏற்றுங்கள். மரத்தோடு ஒட்டும் அடுக்குக்குப் பாலியெஸ்டர் பிசினை நம்ப வேண்டாம். அது மரத்தில் பிடிப்பது எபாக்ஸி அளவுக்கு இல்லை, பல பழைய சட்டங்கள் உறையிலிருந்து பிரிந்து கிடப்பதற்கு அதுவே காரணம்.

சட்டம் மக்கியதற்குத் தேடினால் பெரும்பாலும் ஒரு திருகாணித் துளை கிடைக்கும். எதற்காகவோ உறையைத் துளைத்து ஓர் ஆணி இறக்கியிருப்பார்கள், அதன் வழி தண்ணீர் இறங்கியிருக்கும். புதுச் சட்டத்தில் ஒவ்வொரு துளையையும் வேண்டியதைவிடப் பெரிதாகப் போட்டு, கெட்டி எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்த பின் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். ஆணி அப்போது மரத்தைத் தொடாது.

அளவும் பொருத்தமும்

விறைப்பு ஆழத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 50 மில்லிமீட்டர் ஆழ வங்கை 45 ஆக இழைத்துவிட்டால், 10 சதவீதம் குறைந்ததாகத் தோன்றும். உண்மையில் விறைப்பில் 27 சதவீதம் போய்விட்டது. மக்கிய பழைய வங்கிலிருந்து அளவெடுத்தால் இந்தப் பிழைதான் நடக்கும். கெடாத வங்கைத் தேடி, அல்லது எதிர்ப்பக்கத்து வங்கிலிருந்து அளவெடுங்கள்.

அடுத்தடுத்த இரண்டு வங்கைச் சேர்த்துக் கழற்றக் கூடாது. ஒன்றை மாற்றி, ஒன்றை விட்டு, குறுக்குச் சட்டங்களால் படகின் வடிவத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் நகர வேண்டும். வடிவம் ஒருமுறை தளர்ந்தால் எந்த மரமும் அதைத் திருப்பித் தராது.

ஆவியில் வளைப்பவர்கள் 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு வைக்கலாம். பெட்டியிலிருந்து எடுத்த பின் கிடைக்கும் நேரம் 15, 20 விநாடி, அதற்குள் இடத்தில் இறுக்கியாக வேண்டும். வளைவின் வெளிப்பக்கத்தில் எஃகுப் பட்டை வைத்து முனைகளைக் கட்டினால் வெளிநார் இழுபடாது. மரம் நசுக்கத்தை நன்றாகப் பொறுக்கும், இழுப்பை ஒன்றிரண்டு சதவீதம்தான் பொறுக்கும். ஆவி இல்லாதவர்கள் பட்டைகளாக ஒட்டலாம். வளைவின் ஆரத்தில் நூறில் ஒரு பங்கு தடிமன் வைத்தால் உலர்ந்த பட்டை வளைந்துகொடுக்கும். 600 மில்லிமீட்டர் ஆரத்துக்கு 6 மில்லிமீட்டர். எட்டுப் பட்டைகள் ஒட்டினால் அச்சிலிருந்து எடுத்தபின் விரியும் அளவு 2 சதவீதத்துக்குள் அடங்கும். மூன்று பட்டைகளில் ஒட்டினால் எட்டில் ஒரு பங்கு விரிந்துபோகும்.

வங்கு முழுவதும் மாற்றாமல் ஒடிந்த இடத்துக்குப் பக்கத்தில் துணைவங்கு வைப்பவர்கள், ஒடிவின் இரு பக்கமும் இரண்டு மூன்று பலகை அகலமாவது தாண்டி நீட்ட வேண்டும். பழைய வங்கோடு ஒட்டி வைத்தால் நடுவில் ஈரம் தங்கும். விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். நீளம் போதாமல் இரண்டு துண்டுகளைச் சேர்ப்பவர்கள் சாய்வு இணைப்பைத் தடிமனுக்கு 12 மடங்கு நீளத்தில் வெட்டுங்கள். ப்ளைவுட்டில் 8 மடங்கு போதும்.

ஆணி விஷயத்தில் ஒரே கொள்கை: ஒரு படகில் ஓர் உலோகம். வெண்கலப் படகில் வெண்கலம், செம்புப் படகில் செம்பு. துருப்பிடிக்காத எஃகு வகையான 316 பளபளப்பதால் நம்பத் தோன்றும், ஆனால் காற்று படாத ஈர மரத்துக்குள் அது மேலே பழுதில்லாமலும் உள்ளே குழி விழுந்தும் கிடக்கும். பலகைப் படகில் வங்குக்கு எல்லா முகத்திலும் எபாக்ஸி பூசி அடைக்க வேண்டாம். ஆணித்துளை வழி புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் போகும். பலகையும் வங்கும் தொடும் முகத்தில் எண்ணெய்ப் பூச்சும் மென்பூச்சுக் களிம்பும் போதும். செம்பு நாஃப்தனேட் மருந்தை அடிப்பகுதி வங்குகளுக்குத் தடவலாம், அதன் மேல் எபாக்ஸி பிடிக்காது என்பதால் ஒட்ட வேண்டிய முகத்தில் மட்டும் தடவாதீர்கள். போரேட் மருந்து நல்லது, ஆனால் தண்ணீரில் கரைந்து போகும். மேல்பகுதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கின் கால்பகுதியில் தண்ணீர் ஓடும் துளையை மரம் வைக்கும் முன்பே வெட்டுங்கள். பெருவிரல் நுழையும் அளவு வேண்டும், துளையின் உள்முகத்திலும் பூச்சு ஏற வேண்டும். படகு தண்ணீரில் இறங்கி ஒரு மாதம் ஆனதும் எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். புதுமரம் ஊறி, காய்ந்து, தன் இடத்தைப் பிடிக்க அவ்வளவு நாள் ஆகும், தளர்ந்த போல்ட் அதற்குள் துளையை நீள்வட்டமாகத் தேய்த்துவிடும்.